எதைச் செய்யாமல் விடுவது? புதிதாகக் கடை போட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். புதிதாகக் கடை போட்டவர்கள் முதல் சில மாதங்களில் என்னிடம் சொல்வது அநேகமாக ஒரே புலம்பல்தான். "காலையில ஷட்டரைத் தூக்கினா ராத்திரி பூட்டுற வரைக்கும் உக்கார நேரமில்லைங்க. ஆனா இன்னைக்கு என்ன செஞ்சேன்னு கேட்டா சொல்லத் தெரியல." சம்பளத்துக்கு இருந்த காலத்தில் எதை முதலில் எடுப்பது என்று முதலாளி சொல்லிவிடுவார். இப்போது சொல்ல ஆள் இல்லை. அதனால் யார் முதலில் குரல் கொடுக்கிறாரோ அவருடைய வேலை முதலில் நடக்கிறது.

தையல் கடை, ஜெராக்ஸ் கடை, சின்ன மெஸ், வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்பது என்று தனியாகவோ ஒரு உதவியாளோடோ தொழில் ஆரம்பித்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதை முதலில் செய்வது என்பதை யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம். மிச்சத்தை எப்படி ஒழுங்காக விடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆகவே அந்தப் பகுதி இதில் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எல்லாவற்றையும் தாளில் இறக்குங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மனதில் ஓடுவது அத்தனையும் எழுதுங்கள். ஜி.எஸ்.டி., மாவு மில், போர்டுக்கு லைட், மாமா பையன் கல்யாண மொய், கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது, அம்மாவின் பி.பி. மாத்திரை. வீட்டு வேலை, கடை வேலை என்று பிரிக்க வேண்டாம். இரண்டையும் செய்யப்போகிற ஆள் ஒருவர்தானே. வரிசையும் வேண்டாம்.

பாதியில் நிற்கும் வேலைதான் முடித்த வேலையைவிட அதிகம் நினைவில் நிற்கிறது என்று புளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த முடிவு எப்போதும் அப்படியே வரவில்லை. எப்படியிருந்தாலும், எழுதி வைத்த அன்று ராத்திரி கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வரும்; அது போதும்.

போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம். ஆனால் போனை எடுத்தால் பட்டியலுக்கு முன்னால் நாலு வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும்.

ஒவ்வொரு வேலையையும் ஒரே கேள்வி கேளுங்கள்

"இதை ஒரு வாரம் தள்ளினால் என்ன கெடும்?"

அவசரம், முக்கியம் என்று நாலு கட்டம் போட்டுப் பிரிக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவர் பெயரில் அது உலவுகிறது. அவசரமானது முக்கியமில்லை, முக்கியமானது அவசரமில்லை என்று ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக 1954-ல் ஓர் உரையில் ஐசனோவர் குறிப்பிட்டார். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் உதவலாம். கல்லாவில் நிற்கிறவருக்கு எல்லாமே அவசரமாகத்தான் தெரியும்; நாலு கட்டத்தில் ஒன்று மட்டும் நிரம்பி வழியும். "என்ன கெடும்" என்று கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஒன்று கெடும், இல்லாவிட்டால் கெடாது.

நம் வேலூர் ஆஸ்பத்திரி ஊர். யாரையாவது கூட்டிக்கொண்டு எமர்ஜென்சி வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விரலில் கட்டுப்போட வந்தவர் ரொம்ப நேரமாகக் காத்திருப்பார். இப்போது ஸ்ட்ரெச்சரில் வந்தவரை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பேச்சே அங்கே கிடையாது. நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்துத்தான் வரிசை வைத்தார். இன்றும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உங்கள் நோட்டுக்கும் அந்த மூன்று நிறம் போதும்.

ஒரு வாரம் தள்ளினால் காசு போகும், அல்லது தேதியை மாற்ற முடியாத ஒருவர் மாட்டிக்கொள்வார், அல்லது உடம்புக்கு ஆகாது என்றால் சிவப்பு. ஒரு வாரம் தாங்கும், ஒரு மாதம் தாங்காது என்றால் மஞ்சள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும் என்றால் பச்சை.

என் தொழில் சார்ந்த சிவப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் கொடுக்கும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு அடுத்த மாதம் 11-ம் தேதி, கணக்குச் சுருக்கத்தோடு வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ம் தேதி. தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய். வரி பாக்கி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. இந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, ஆனால் யாரும் அதுவரை போய்ப் பார்க்க வேண்டாம். "வியாபாரமே இல்ல சார், எதுக்குத் தாக்கல்?" என்று கேட்டவர்கள்தான் அதிகமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் வழி இருக்கிறது. பட்டியலில் பன்னிரண்டு முறை வர வேண்டிய ஒரு தலைவலி நாலு முறையாகக் குறையும். வரியை மட்டும் இடைப்பட்ட மாதங்களில் 25-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தால் இரண்டுக்கும் 15-ம் தேதி. கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி அட்டையிலேயே இருக்கும். இவற்றை நினைவில் வைக்க முயலாதீர்கள். தினசரிக் காலண்டரில் அந்தந்தத் தாளிலேயே சிவப்புப் பேனாவில் எழுதிவிடுங்கள். கிழிக்கும்போது கண்ணில் படும்.

பச்சையில் எது வரும் என்பது கொஞ்சம் வலிக்கும். விசிட்டிங் கார்டுக்கு எந்த எழுத்து, போர்டுக்கு எந்த நிறம், இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு படம், பழைய பில்களை ஃபைலில் அழகாக அடுக்குவது, எதிர்க்கடையில் என்ன விலை என்று விசாரிப்பது. புதிதாகக் கடை போட்டவர்களுக்கு மிகவும் பிடித்த வேலைகள் இவைதான். செய்யும்போது தொழில் செய்வது போலவே இருக்கும், பயமும் இருக்காது.

சின்னதாக இருப்பதாலேயே எல்லாம் பச்சை ஆகிவிடாது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது இரண்டு நிமிட வேலை. விடாவிட்டால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மெஷின் இறுகி நின்றுவிடும். கிரைண்டர் பெல்ட், கேஸ் டியூப், அளவு நோட்டைப் போட்டோ எடுத்து வைப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது, மாத்திரை போடுவது எல்லாம் இந்தச் சாதி. நேரத்தைப் பார்த்து நிறம் கொடுக்காதீர்கள், கெடுவதைப் பார்த்துக் கொடுங்கள்.

பில் புத்தகத்தைப் புரட்டுங்கள்

போன மூன்று மாத பில்களை எடுத்து, யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று கூட்டிப் பாருங்கள். இத்தாலியில் பெரும்பகுதி நிலம் சிறு கூட்டத்தின் கையில் இருந்ததைப் பரேட்டோ என்ற பொருளியலாளர் எடுத்துக்காட்டினார். அதை வைத்து, ஜோசப் ஜூரான் என்ற தர நிபுணர் எந்தத் தொழிலிலும் சில காரணங்களே பெரும்பாலான விளைவைத் தருகின்றன என்று பரப்பினார். 80-20 என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். உங்கள் கடையில் சரியாக 80-20 வராது. 70-30 வரலாம், 60-40 வரலாம். ஆனால் கூட்டி முடித்ததும் ஒரு ஆச்சரியம் நிச்சயம் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் காலேஜ் பசங்கள் எடுக்கும் ஒற்றைத் தாள் பிரதிகளில்தான் கடை ஓடுகிறது என்று நினைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் பிராஜெக்ட் பைண்டிங்கில்தான் வாடகையே வருகிறது. ஒற்றைத் தாள் கூட்டத்தால் பைண்டிங் தாமதமாகி, அந்தப் பசங்கள் வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாளைக்கு மூன்று

ராத்திரி கடை பூட்டும்முன் சிவப்பிலிருந்து மூன்று வேலையை மட்டும் அடுத்த நாள் தாளில் எழுதுங்கள். அதில் ஒன்றை, நீங்கள்தான் செய்தாக வேண்டியதாக இருப்பதை, கடை திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்றும் முடிந்தால் மஞ்சளுக்குப் போகலாம். முறை இவ்வளவுதான், கடைப்பிடிப்பது எப்படி என்று ஒரு கடையில் காட்டுகிறேன்.

காந்தி நகரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஆண்டிலேயே மோசமான காலம் மே கடைசியும் ஜூன் தொடக்கமும். வைகாசி முகூர்த்தங்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம் என்பதால் யூனிஃபார்ம் ஒரு பக்கம். மேஜை முழுக்கக் கட்டம் போட்ட சட்டைத்துணி கட்டுக்கட்டாக இருக்கும். அதற்குமேல் பட்டு ஜாக்கெட் துணிகள், ஒவ்வொன்றிலும் முகூர்த்தத் தேதி எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து நிற்பார். "ரெண்டே நிமிஷம்மா, இந்த நைட்டிக்கு ஓரம் மட்டும் அடிச்சுக் குடுத்துடு."

அந்த இரண்டு நிமிடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தார். மெஷினில் இருந்த வெள்ளை நூலைக் கழற்றி, நைட்டிக்குப் பொருத்தமான மெரூன் நூலைத் தேடினார். பாபினில் அந்த நூலைச் சுற்றினார். ஓரம் அடித்தார், அதுமட்டும் உண்மையிலேயே இரண்டு நிமிடம். மறுபடி வெள்ளை நூல் கோத்தார். மேஜைக்குத் திரும்பி, சாக்பீஸ் கோட்டில் எங்கே விட்டோம் என்று டேப்பை வைத்து இன்னொரு முறை அளந்தார். முழுதாகக் கால் மணி நேரம் போனது. கிடைத்தது இருபது ரூபாய்.

இப்போது அவர் கடையில் மூன்று மாற்றம். காலையில் ஏழரை முதல் பத்து வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கட்டிங் மட்டும் செய்கிறார். துணியில் கத்தரி வைப்பதை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது, அதில் தவறினால் துணியே போச்சு. காஜா, ஹூக், ஃபால்ஸ் எல்லாம் பக்கத்துத் தெருவில் வீட்டிலிருந்தே செய்யும் ஒரு பெண்ணுக்குப் பீஸ் கணக்கில் போகிறது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை, மேலே அட்டையில் "ஆல்டரேஷன் புதன், சனி மட்டும். பெயர், போன் நம்பர் எழுதி வைக்கவும்." புதன்கிழமை நூல் நிறவாரியாகப் பிரித்து மொத்தமாக அடித்துத் தள்ளிவிடுகிறார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அவர்களால் மாதத்துக்கு ஐம்பது அறுபது ரூபாய் வந்துகொண்டிருந்தது.

ஒழுங்காக விடுவது

ஒரு வேலையை விடுவது என்றால் மறந்துவிடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். மறந்தால் அது பாக்கியாகிவிடும். கேட்டவர் திரும்ப வருவார், நீங்கள் திரும்பச் சாக்கு சொல்வீர்கள். ஒழுங்காக விட நாலு வழி இருக்கிறது.

முதலாவது, அடித்துவிடுவது. நோட்டில் அந்த வரியின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று முடிவு செய்தால் இந்த ஆண்டு வேண்டாம் என்று எழுதி அடியுங்கள். அடுத்த மாதம் யாராவது "நீ ஏன் ரீல்ஸ் போடல?" என்று கேட்டால் மனசு ஆடாமல் இருக்கும்.

இரண்டாவது, நாள் குறித்துத் தள்ளுவது. "அப்புறம் பார்க்கலாம்" என்பது தள்ளுவது ஆகாது. அந்த அப்புறத்துக்கு ஒரு கிழமை வேண்டும்.

மூன்றாவது, கொடுத்துவிடுவது. காசு கொடுத்துக் கொடுப்பதும் இதில் சேர்த்தி. சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் நேரில் அலைந்துகொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றை இ-சேவை மையத்திலேயே போடலாம். நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், எந்த மாவட்டம் என்று முதலில் பாருங்கள். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய பழக்கத்தில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் வந்து நின்று ஒரு நாளைத் தொலைக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. பஜார் வேலையும் அப்படித்தான். காட்பாடியிலிருந்து நூல் கண்டு ஒன்றுக்காகப் பாலாற்றைத் தாண்டிப் போகாதீர்கள். வாங்க வேண்டியதை எழுதி வைத்து வாரத்துக்கு ஒரு முறை போங்கள்.

நாலாவது, சுமாராகச் செய்துவிட்டு நகர்வது. இதைச் செய்ய நல்ல தொழிலாளிகளுக்கு மனசே வராது. கணக்கு நோட்டில் கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, கூட்டல் சரியாக இருந்தால் போதும். எதில் சுமார் கூடாது என்று முடிவு செய்துகொண்டால் மற்றதில் சுமாராக இருக்கலாம். பிரியாணிக் கடைக்காரருக்கு அரிசி வேகும் பதத்தில் சுமார் கூடாது. மெனு போர்டில் எழுத்து கோணலாக இருந்தால் யாரும் எழுந்து போகப்போவதில்லை.

சரி, மனிதர்களிடம் எப்படிச் சொல்வது? நம் பக்கம் மொட்டையாக "முடியாது" என்றால் உறவு கெடும். "பார்க்கலாம்" என்றால் அவர் நடக்கும் என்றே எடுத்துக்கொள்வார், அது அதைவிட மோசம். எதைச் செய்ய முடியும், எப்போது என்று சேர்த்துச் சொல்லுங்கள். "அக்கா, இந்த வாரம் கல்யாண ஆர்டருங்க. புதன்கிழமை வெச்சிட்டுப் போங்க, சாயந்தரம் வாங்கிக்கலாம். இன்னைக்கே வேணும்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒருத்தர் உடனே அடிச்சுத் தருவாரு." போட்டிக் கடைக்கு அனுப்புகிறோமே என்று பயப்பட வேண்டாம். அவசரத்துக்கு வழிகாட்டியவரை ஜனங்கள் மறப்பதில்லை.

சொந்தக்காரர்கள் விஷயம் இன்னும் நுட்பம். பத்திரிகை வைக்கக் கூட வரச்சொல்வார்கள், துணி எடுக்கக் கூட வரச்சொல்வார்கள். "சித்தப்பா, பத்திரிகை வைக்க என்னால வர முடியாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துடறேன், பந்தி நான் பாத்துக்கறேன்" என்று ஒன்றை விட்டு ஒன்றை ஏற்றுக்கொண்டால் கோபம் வராது. சாவு வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் போடாதீர்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும்.

சின்ன வேலைக்கென்று ஒரு வேளை

பச்சையில் சிலவற்றை எப்படியும் செய்தாக வேண்டும். அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதற்குள் அடைத்துவிடுங்கள். கொடுத்த நேரம் முழுவதும் வேலை விரிந்துகொள்ளும் என்று நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ல் கிண்டலாக எழுதினார். ஒரு நாள் கொடுத்தால் ஒரு நாளும் தின்னும். நம் ஊரில் அதற்கு இயல்பான நேரம் மதியம் இரண்டு முதல் மூன்று. கோடையில் நாற்பது டிகிரி தாண்டும் வெயிலில் அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது. போன் பேசுவது, வாட்ஸ்அப் பார்ப்பது, சப்ளையருக்குப் பதில் சொல்வது எல்லாம் அப்போது. அந்த வெயிலில் மூளை கேட்கும் வேலையை வைத்துக்கொண்டால் கணக்கு தப்பும். அதனால்தான் முதல் வேலையைக் காலையில் வைக்கச் சொன்னேன்.

வாரத்துக்கு ஒரு முறை

லீவு நாளுக்கு முந்தின ராத்திரி நோட்டை ஒரு முறை பாருங்கள். மஞ்சளில் எது சிவப்பாகிவிட்டது, பச்சையில் எதை அடிக்கலாம் என்று மட்டும். இரண்டு மூன்று வாரமாக எழுதி எழுதித் தள்ளிக்கொண்டே வருகிற ஒரு வேலை இருந்தால், அதை இரண்டாக உடைத்துச் சின்ன பாதியை நாளைய மூன்றில் ஒன்றாக வையுங்கள். பெரும்பாலும் அது பயப்படுகிற வேலையாக இருக்கும்: பாக்கிப் பணத்தைக் கேட்பது, வாடகை பற்றி வீட்டுக்காரரிடம் பேசுவது.

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மெஷின் சர்வீஸ், போர்டுக்குப் பெயின்ட், விசிட்டிங் கார்டு எல்லாம் அப்போது வைத்துக்கொள்ளலாம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தப் பக்கம் கடை என்றால் அன்றைக்கும் முந்தின நாளும் எந்த டெலிவரியும் ஒப்புக்கொள்ளாதீர்கள், தெருவில் வண்டி நகராது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்துக்கு மூன்று வேலை எழுதுவதே அதிகம், ஒன்று எழுதுங்கள். ஆர்டரை எந்தத் தேதியோடு நிறுத்தப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வருகிறவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் அட்டையைக் கைகாட்டுங்கள்.

ஆரம்பிக்கிற வாரத்தில் இத்தனையையும் செய்யப் பார்க்காதீர்கள். எழுதுவதும் நிறம் போடுவதும் மட்டும் அந்த வாரத்துக்குப் போதும். அடுத்த வாரம் நாளைக்கு மூன்று. கூடை, அட்டை, மறுக்கும் பேச்சு இவற்றை மூன்றாவது வாரத்தில் எடுங்கள். பில் புத்தகத்தைக் கூட்டுவதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக வேண்டும். கால்குலேட்டரை நீங்கள் தட்டுங்கள், வாசித்துச் சொல்ல வீட்டில் யாரையாவது கூட உட்கார வையுங்கள், பாதி நேரத்தில் முடியும்.